குப்பி வந்த வழி

பெங்களூருவிலிருந்து ஒசூர் போகும் சாலையோரத் தொழிற்சாலை ஒன்றில், எஃகுத் தொட்டிகளுக்குள் ஒரு வகை ஈஸ்ட் வளர்கிறது. பெயர் பிக்கியா பாஸ்டோரிஸ். மெத்தனாலைத் தின்று பெருகக்கூடியது. இன்சுலினை எப்படிக் கட்டுவது என்று மனித உடலில் எழுதியிருக்கும் மரபணுக் குறிப்பை அதற்குள் வைத்துவிட்டால், 51 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தின் முன்வடிவைத் தன் வேலையோடு வேலையாகச் செய்து வெளியே தள்ளிவிடும். பயோகான் நிறுவனம் 2004-இல் இந்த வழியில் செய்த இன்சுலினை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சென்னைப் புறநகரான தாம்பரத்தில் ஒருவர் காலையில் வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி மருந்து பிறக்கக்கூடிய இடங்களில் இதுவும் ஒன்று. வேறு நிறுவனங்கள் வேறு ஈஸ்டையோ பாக்டீரியாவையோ வளர்க்கின்றன. எங்கே பிறந்தாலும் கடைசியில் வந்து சேரும் வடிவம் பெரும்பாலும் ஒன்றுதான். ரப்பர் மூடி போட்ட 10 மில்லி கண்ணாடிக் குப்பி, மில்லிக்கு 40 யூனிட், மொத்தம் 400 யூனிட்.

அந்த 400 யூனிட் எவ்வளவு என்பது கணையத்தை வைத்துப் பார்த்தால் புரியும். நல்ல நிலையில் இருக்கும் கணையம் ஒரு நாளைக்குச் சுமார் 30 முதல் 50 யூனிட் வரை இன்சுலின் சுரக்கிறது. பத்து நாள் கணையம் ஒரு குப்பிக்குள் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கும் ஒரு சாண் நீள உறுப்பு அது. எடை 100 கிராமுக்கும் குறைவு. தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் இருக்கிறது, வால்பகுதி மண்ணீரலைத் தொடுகிறது. அதன் சதையில் பெரும்பகுதி செரிமான நீர் சுரப்பதற்கானது. நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேல் சுரந்து, குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. இன்சுலின் சுரக்கும் திட்டுகள் மொத்தச் சதையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அந்த ஒன்றிரண்டு பங்கு கெட்டுப்போனால் மனிதர் பிழைப்பதில்லை என்பதே நூறாண்டுக்கு முன்புவரை நிலைமை.

குப்பிக்கு ஒரு முன்கதை உண்டு. 1869-இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் நுண்ணோக்கியில் இந்தத் திட்டுகளைப் பார்த்தார். எதற்காக இருக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றிப் பார்த்தபோது அதற்குச் சர்க்கரை நோய் வந்தது. பிறகு 1921 கோடையில் டொராண்டோவில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்க் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று, எலும்பும் தோலுமாய்க் கிடந்த லியனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு மாட்டுக் கணையச் சாறு ஊசியாகப் போடப்பட்டது. அசுத்தம் மிகுந்த அந்த முதல் ஊசி பலன் தரவில்லை, போட்ட இடம் வீங்கியதுதான் மிச்சம். காலிப் என்ற வேதியியலர் சாற்றைச் சுத்தப்படுத்தித் தர, ஜனவரி 23-இல் மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. சிறுவன் பிழைத்து இன்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மருந்து வரலாற்றில் இதைவிட உயர்ந்த செயல் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

அதன்பின் 60 ஆண்டுகள் இன்சுலின் கசாப்புக்கூடத்து மாடுகளிலிருந்தும் பன்றிகளிலிருந்தும் வந்தது. 8 அவுன்ஸ் மருந்துக்கு இரண்டு டன் பன்றிக் கணையம் என்ற கணக்கில் ஆலைகள் ஓடின. இங்கே ஓர் எண்ணம் குறுக்கிடுகிறது. தாம்பரத்துக்குப் பக்கத்திலிருக்கும் குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் கம்பெனி. 1912 வாக்கிலிருந்தே இந்தப் பக்கத்தில் மாட்டுத்தோல் பதனிட்ட தொழிற்சாலை அது. இங்கே தோல் செருப்பாகவும் பெட்டியாகவும் மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கடல் கடந்த நாடுகளில் அதே விலங்கின் கணையத்திலிருந்து உயிர் காக்கும் மருந்து பிழியப்பட்டது. குரோம்பேட்டையில் இன்சுலின் போடுகிறவர்கள் பலருக்கு இந்த ஊர்ப்பெயரின் கதை தெரியும். மருந்தின் கதையும் அதே விலங்கில் வந்து முட்டுகிறது என்பது பேசப்படுவதில்லை.

விலங்குக் கணையத்திலிருந்து விடுபட, முதலில் இன்சுலினின் உருவம் தெரியவேண்டியிருந்தது. அமினோ அமில வரிசையைச் சாங்கர் என்ற வேதியியலர் கண்டுபிடித்து 1958-இல் நோபல் பரிசு பெற்றார். முப்பரிமாண வடிவத்தை ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்ஜ்கின் குழு 1969-இல் கண்டது. அந்தக் குழுவில் கேரளத்தில் பிறந்த எம். விஜயனும் இருந்தார், பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் புரதப் படிகவியலை வளர்த்தவர். 1978-இல் பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலின் செய்துகாட்டினார்கள், 1982-இல் அமெரிக்காவில் அதை விற்க அனுமதி கிடைத்தது. ஒசூர் சாலைத் தொட்டி அந்தப் பரம்பரைதான்.

தொட்டியிலிருந்து எடுத்து, வெட்டி, வடிகட்டி, குப்பியில் அடைத்ததும் அதற்கு ஒரு நிபந்தனை வந்து ஒட்டிக்கொள்கிறது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். சூடேறினால் மெல்ல வீரியம் குறையும். உறைந்துவிட்டால் ஒரேயடியாகக் கெட்டுவிடும். இரண்டிலுமே தெளிந்த இன்சுலின் கண்ணுக்குப் பழையபடியே தெரியக்கூடும் என்பதுதான் சிக்கல். பாலுக்குத் திரிவது உண்டு, ஊசிப்போன சோற்றுக்கு வாடை உண்டு, இதற்கு உறுதியான அடையாளம் இல்லை. குப்பியைத் திறந்தால் வரும் அந்த மருந்து வாடை கெடாமலிருக்கச் சேர்த்த கிரெசாலுடையது, கெட்ட மருந்திலும் அதே வாடைதான் வரும்.

ஆகவே இதன் பயணம் குளிரின் பயணம். குளிரூட்டிய வண்டியில் தேசிய நெடுஞ்சாலை வழியாகக் கிருஷ்ணகிரி, வேலூர், ஸ்ரீபெரும்புதூர் தாண்டிச் சென்னைக்கு வருகிறது. மொத்த வியாபாரியின் குளிர் அறையில் இறங்குகிறது. அங்கிருந்து தெர்மாகோல் பெட்டியில், ஜெல் பொதிகளுக்கு நடுவே, புறநகர் மருந்துக் கடைகளுக்கு ஏறுகிறது. பொதியும் குப்பியும் நேரடியாக உரசக்கூடாது, இடையில் அட்டை வைக்கவேண்டும் என்பது பெட்டி கட்டும் பையனுக்குத் தெரிந்திருக்கவேண்டிய பாடம். அரசு வழி தனி. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கித் தன் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது, நோயாளிக்கு இலவசம். ஜி.எச். வரிசையில் நிற்கிறவர் கையில் வரும் குப்பிக்கும், ஜி.எஸ்.டி. சாலைக் கடையில் காசு கொடுத்து வாங்கும் குப்பிக்கும் உள்ளே இருக்கும் புரதத்தில் வேறுபாடு இல்லை.

குப்பிக்காகக் காத்திருப்பவர்களின் கணையங்கள்தான் வேறுவேறு. சிலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே உடலின் எதிர்ப்புப் படை தன் சொந்தத் திட்டுகளையே அழித்துவிடுகிறது. இது முதல் வகை. அந்தக் குழந்தைக்கு இன்சுலின் மருந்தல்ல, மூச்சு. பெரும்பாலானோர் இரண்டாம் வகை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் மாத்திரையில் ஓட்டிவிட்டு, "மாத்திரை இனிமே கேக்காது, ஊசிக்கு மாறிக்கலாம்" என்று டாக்டர் சொன்ன அன்று முகம் வாடி வெளியே வருபவர்கள். அந்த வாட்டம் தேவையில்லாதது. ஊசி என்பது தோல்வியின் சான்றிதழ் என்ற எண்ணத்தால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு, கண்ணையும் சிறுநீரகத்தையும் இழப்பவர்கள் உண்டு. சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை நடத்திய நாடளாவிய ஆய்வு 2023-இல் வெளிவந்தபோது, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்றது. இவ்வளவு பேர் நடக்கும் பாதையில் வெட்கத்துக்கு இடமில்லை.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. தென்னிந்தியாவுக்கு நெருக்கமானது, ஆனால் பொதுப்பேச்சில் வராதது. கணையக் குழாயில் கல். 1642-இல் பதுவா நகரில் விர்சுங் என்பவர் மனிதக் கணையத்தின் நடுக்குழாயைக் கண்டார். 1788-இல் லண்டன் மருத்துவ இதழில் தாமஸ் காலி, சர்க்கரை நோயால் இறந்த ஒருவரின் கணையத்தில் கற்கள் இருந்ததை எழுதினார். கணையத்தையும் சர்க்கரையையும் இணைத்த முதல் தடயங்களில் ஒன்று அந்தக் கல். இருபதாம் நூற்றாண்டில் இதன் பெரிய இருப்பிடமாக அறியப்பட்டது கேரளம். டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் அங்கே நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்து எழுதினார். இளம் வயது, மெலிந்த உடல், குடிப்பழக்கம் கிடையாது. சிறுவயதில் சுருட்டிப் பிடிக்கும் வயிற்றுவலி, முதுகுக்குப் பாயும், குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். பிறகு எண்ணெய் மிதக்கும் மலம். பிறகு சர்க்கரை. வயிற்று எக்ஸ்ரே எடுத்தால் முதுகெலும்பின் இரு பக்கமும் சுண்ணாம்புத் துண்டுகள் வெள்ளையாகத் தெரியும். கல்லில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான்.

மரவள்ளிக்கிழங்கு தின்றதால் வந்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள். கிழங்கில் சயனைடு தரும் பொருள் இருப்பது உண்மை. ஆனால் கிழங்கே சாப்பிடாத ஊர்களிலும் நோய் இருந்தது, கிழங்கு தின்னும் பல ஊர்களில் நோய் இல்லை. பின்னால் ஹைதராபாத்தில் நடந்த மரபணு ஆய்வுகள், கணையத்துக்குள்ளேயே செரிமான நொதி விழித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஸ்பிங்க்-1 மரபணுவில் பிழை இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று காட்டின. தன் சாறே தன் சதையைத் தின்னத் தொடங்கும் நோய் இது. தழும்பு ஏறி, கல் சேர்ந்து, கடைசியில் இன்சுலின் திட்டுகளும் நார்ச்சதைக்குள் புதைந்துபோகின்றன. பழைய மாதிரியான கல் நோயாளிகள் இப்போது குறைவு. இன்று கணைய அழற்சியோடு வார்டில் படுத்திருக்கும் ஆண்களில் பலர் மதுவால் வந்தவர்கள். வழி எதுவானாலும், கணையம் நாராகிவிட்டால் அவருக்கு இரண்டு கடன் சேர்ந்துவிடுகிறது. சாப்பாட்டோடு நொதி மாத்திரை, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி. இவர்களுக்கு லோ சுகர் திடீரென்று வரும், ஏனென்றால் சர்க்கரையை ஏற்றும் குளுககானும் அதே திட்டுகளிலிருந்துதான் வரவேண்டும்.

தாம்பரத்தில் குப்பி போய்ச் சேரும் இடங்களில் என் மனம் அதிகம் நிற்பது சானடோரியத்தில். டாக்டர் சௌரி முத்து 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய நல்வாழ்வு இல்லம், இன்று அரசு நெஞ்சக மருத்துவமனை. ரயில் நிலையத்துக்கே அதனால் பெயர் வந்தது. காசநோய்க்கும் கணையத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. ராயபுரம் எம்.வி. மருத்துவமனையின் டாக்டர் விஜய் விஸ்வநாதனும் குழுவினரும் தமிழ்நாட்டில் காசநோயாளிகளைச் சோதித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இன்னொரு கால்வாசிப் பேர் அதன் விளிம்பில் இருந்தார்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், சில சர்க்கரை மாத்திரைகளைக் கல்லீரல் விரைந்து கழித்துவிடும்படி செய்கிறது, மாத்திரை வேலை செய்யாது. அப்போது இன்சுலின்தான் கைகொடுக்கும். நல்ல காற்றையும் மரநிழலையும் நம்பி எழுப்பிய வளாகத்துக்குள் ஈஸ்ட் செய்த புரதம் போய்ச் சேர்ந்த வழி இது. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளியை மட்டும் பார்க்காமல் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி வீடு. தொழிற்சாலை, வண்டி, கிடங்கு, கடை வரைக்கும் குளிருக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், வெப்பமானி இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. கடை மேசையைத் தாண்டி நோயாளியின் கைக்கு வந்த நொடியில் அத்தனையும் நின்றுபோகிறது. கடைசி இரண்டு கிலோமீட்டர் யார் கணக்கிலும் இல்லை. மே மாதம், கத்திரி வெயில், பக்கத்து மீனம்பாக்கத்தில் 40 டிகிரி. குப்பி பிளாஸ்டிக் பையில் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் கிடக்கிறது, வழியில் காய்கறி வாங்க அரை மணி நேரம் வண்டி வெயிலில் நிற்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு, 32, 37 டிகிரியில் வைத்த இன்சுலின் நான்கு வாரத்தில் கணிசமாக வீரியம் இழப்பதைக் காட்டியது. உபயோகத்தில் இருக்கும் குப்பியை அறை வெப்பத்தில் நான்கு வாரம் வைக்கலாம் என்று பெட்டியில் போட்டிருக்கும் அறை, 25 அல்லது 30 டிகிரி அறை. தகர ஷீட் போட்ட மாடி வீட்டின் அறை அதுவல்ல.

ஃப்ரிட்ஜ் இருக்கும் வீட்டில் கதவுத் தட்டு நல்ல இடம். ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் உறையும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மண்பானை. பெரிய பானைக்குள் சிறிய பானை, நடுவில் ஈர மணல், உள்ளே தண்ணீர் புகாத டப்பாவில் குப்பி. நீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும். காற்றில் ஈரம் குறைவான உள்மாவட்டத்தில் இது நன்றாகவே குளிரும், கடற்காற்று வீசும் நம் பக்கத்தில் அந்த அளவு குளிராது. இருந்தாலும் வெறும் அலமாரியைவிடப் பானை மேல். மாத்திரைப் பட்டையைப் பையில் போட்டு வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் அதைச் செய்கிறது. ஊசிக்காரருக்கு மருந்தோடு குளிரையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கொடுத்ததாகும். முதல் குப்பியோடு ஒரு பானையும் தரவேண்டும் என்பது என் கட்சி. அரசுக்கு அது பெரிய செலவல்ல.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் முதல் மாடியை எட்ட, படகு வந்தது. கரண்ட் நாள்கணக்கில் இல்லை. அணைந்த ஃப்ரிட்ஜுக்குள் இன்சுலின். ஆனால் டிசம்பர்ச் சென்னையின் மழைநாள் சூடு 30 டிகிரியைத் தொடுவதே அரிது. வெள்ளநீர் படாத குப்பி அந்த நாள்களைத் தாங்கக்கூடியது. அந்த நேரத்தில் உண்மையான ஆபத்து, "ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சு, மருந்து கெட்டிருக்கும்" என்று ஊசியையே நிறுத்துவது. முதல் வகை நோயாளி ஓரிரு நாள் நிறுத்தினாலே ரத்தத்தில் அமிலம் ஏறி மயக்கத்துக்குப் போகலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு அதே தெருக்களில் மறுபடி தண்ணீர் நின்றது. மழைக்கு முன் வீட்டில் மெழுகுவத்தி, பால் பவுடர் சேர்ப்பவர்கள் ஒரு குப்பியும் பத்து ஊசியும் கூடுதலாக வாங்கி, தண்ணீர் புகாத டப்பாவில் உயரத்தில் வைக்கவேண்டும். வெள்ளத்தைவிடக் கத்திரி வெயில்தான் இந்த மருந்துக்குப் பெரிய எதிரி, ஆனால் அது சத்தமில்லாமல் வருவதால் யாரும் தயாராவதில்லை.

ஊசி விஷயத்தில் நிறத்தைக் கவனியுங்கள். 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு தீர்ந்துபோய் ஆரஞ்சை வாங்கி 20 கோடுவரை இழுத்தால், உள்ளே வந்தது 8 யூனிட்தான். தலைகீழாக, பேனா ஊசியின் 100 யூனிட் மருந்தைச் சிவப்புச் சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் 50 யூனிட். இரண்டாவது பிழை உயிருக்கே உலை வைக்கும். கடையில் கொடுப்பவரும் இதைக் கேட்டுத்தான் கொடுக்கவேண்டும்.

கலங்கலான கலவை மருந்தாக இருந்தால், உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டிக் கலக்கவேண்டும், குலுக்கக்கூடாது. தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் விட்டு, நாளுக்கொரு இடமாக மாற்றிப் போடவேண்டும். வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் போட்டால் கொழுப்புக் கட்டி விழும், மருந்து அங்கேயே தங்கிப் பிசகும். தோலுக்கு அடியில் போனபின்னும் பயணம் முடியவில்லை. குப்பிக்குள் துத்தநாகத்தைச் சுற்றி ஆறு ஆறாகக் கைகோத்திருந்த மூலக்கூறுகள் பிரிந்து, இரண்டாகி, ஒன்றாகித்தான் ரத்தக் குழாய்க்குள் நுழையமுடியும். அதற்கு அரை மணி ஆகும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு என்று டாக்டர் சொல்வது இதனால்தான். கூடுவாஞ்சேரியில் ஊசியைப் போட்டுக்கொண்டு, கிண்டி கேன்டீனில் இட்லி சாப்பிடலாம் என்று ரயில் ஏறுபவருக்குப் பல்லாவரம் தாண்டும்போது வியர்த்துக் கைநடுங்கும். வண்டி சிக்னலில் நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சட்டைப்பையில் நான்கு மிட்டாய் இல்லாமல் ஊசிக்காரர் ரயில் ஏறக்கூடாது. ரத்தத்துக்குள் நுழைந்த இன்சுலினின் ஆயுள் சில நிமிடங்கள். செல்லின் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே விட்டபின், கல்லீரலும் சிறுநீரகமும் அதை உடைத்துவிடுகின்றன.

மருந்து போனபின்பும் கண்ணாடியும் ஊசியும் மிஞ்சுகின்றன. நாளொன்றுக்கு இரண்டு வேளையாக 30 யூனிட் போடுகிறவருக்கு ஒரு குப்பி 13 நாள் வரும். அதற்குள் இருபதுக்கு மேற்பட்ட ஊசிகள் சேரும், அவை காய்கறித் தோலோடு குப்பைக் கூடைக்குப் போகின்றன. காலையில் தள்ளுவண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அந்தக் கூடையில் கைவிட்டுத் தரம் பிரிக்கிறார். கைக்குத்திய ஊசி யாருடையது என்று அவருக்குத் தெரியாது. 2016-இன் திடக்கழிவு விதிகளே வீட்டில் சேரும் ஊசிகளை அபாயக் கழிவு என்று தனியாகப் பிரித்துத் தரச் சொல்லியிருந்தன. கெட்டியான பினாயில் பாட்டில் ஒன்று போதும். ஊசியை மூடி போட முயலாமல் அப்படியே அதற்குள் போட்டு, முக்கால் நிறைந்ததும் இறுக மூடி, மேலே "ஊசி" என்று பெரிதாக எழுதிக் கையில் கொடுக்கலாம். அதைவிட நல்லது, குப்பியை விற்ற கடையே நிறைந்த பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொள்வது. பல்லாவரத்தையும் பம்மலையும் செம்பாக்கத்தையும் சேர்த்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சியானது. மருந்துக் கடை இல்லாத வார்டு அதில் இருக்கமுடியாது. கடைக்கு ஒரு மஞ்சள் பெட்டி, மாதம் ஒருமுறை வந்து எடுத்துப்போக ஒரு வண்டி. இவ்வளவுதான் தேவை, மாநகராட்சி நினைத்தால் அடுத்த மழைக்கு முன்பே தொடங்கிவிடலாம்.